விளையாட்டுக் காணொளி செய்யும் என் மகனுக்கு யாராவது வழிகாட்டுவீர்களா?

பினாங்கு உறவுகளுக்கு வணக்கம். படிவம் 4 படிக்கும் என் மகன், மைன்கிராஃப்ட் விளையாடிக்கொண்டே தமிழில் பேசி யூடியூபில் போடுகிறான். இதுவரை 11 காணொளிகள். எதையும் 40 பேருக்கு மேல் பார்க்கவில்லை. ஆட்டத்தில் கெட்டிக்காரன்தான். ஆனால் மைலோ டின்மேல் மைக்கைச் சாய்த்து வைத்துப் பதிவைத் தொடங்கியதும் குரல் இறுகிவிடுகிறது. பேச்சுப் போட்டி மேடையில் நிற்பவனைப் போல் ஒப்பிக்கிறான்.

இப்படி விளையாடிக்கொண்டே பேசிப் புகழ்பெற்ற யூடியூபர், சுவீடன்காரரான பியூடிபை, 2010இல் தன் சேனலைத் தொடங்கி, 2019 ஆகஸ்டில் 10 கோடி சந்தாதாரர்களை எட்டினார். தனி ஒருவர் அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் முறை. 'அம்னீசியா' என்ற திகில் ஆட்டத்தை அவர் விளையாடும் பழைய காணொளிகளை மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். பயந்தால் வாய்விட்டு அலறுகிறார். பக்கத்தில் இருக்கும் நண்பனிடம் பேசுவதுபோல் நம்மிடம் பேசுகிறார். ஆட்டத் திறமையைவிட அந்தக் கூச்சமின்மைதான் ஆட்களை இழுத்தது என்று எனக்குப் படுகிறது.

அது பழகப் பழக வருமா? ஜார்ஜ் டவுன், பட்டர்வொர்த் பக்கம் தமிழில் இப்படிக் காணொளி செய்யும் தம்பி, தங்கைகள் இருந்தால், ஒரு சனிக்கிழமை நீங்கள் பதிவு செய்யும்போது அவன் அருகில் உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா? நானே அழைத்து வருகிறேன். அவனுடைய ஒரு காணொளியைப் பார்த்து, எந்த இடத்தில் சலிப்புத் தட்டுகிறது என்று சொன்னாலும் பெரிய உதவி.