டெரியாக்கி மீன்: ஒண்ணு கருகுது, இல்லன்னா சாஸ் ஒட்டல. என்ன பண்ணலாம்?

வாரநாள்_சமையல்:
ராத்திரி அரை மணிக்குள்ள ஆகுற மாதிரி டெரியாக்கி மீன் (இனிப்பு சோயா சாஸ் பளபளன்னு பூசின ஜப்பான் மீன்) வேணும். வஞ்சிரத் துண்டை சோயா சாஸ், தேன், இஞ்சியில ஊறவெச்சு தவாவுல போட்டா மேல கருகிடுது, உள்ள வேகல. ஊறவைக்காம கடைசியில சாஸ் ஊத்தினா மீன்ல ஒட்டாம தட்டுல தண்ணியா ஓடுது. மிரின், சாக்கேங்கிற ஜப்பான் அரிசி மது ரெண்டும் கிடையாது, மது சேர்க்கவும் விருப்பமில்ல. அளவோட சொல்லுங்க.

மீன்சட்டி:
ஊறவைக்கிறதை விடுங்க. மீன் வேகுறதுக்குள்ள தேன் கருகிடும், சர்க்கரையை விட அது சீக்கிரம் நிறம் மாறும். ஜப்பான்ல புரி மீன்ல இதைப் பண்ணும்போதும் மீனைத் தனியா வறுத்துட்டு கடைசியிலதான் சாஸ் ஊத்துறது வழக்கம்.

2 செ.மீ. கனத்துல 4 துண்டு. அரை டீஸ்பூன் உப்பு தடவி 10 நிமிஷம் விட்டா தண்ணி கசியும், கவுச்சியும் அதோட போகும். டிஷ்யூவால நல்லா ஒத்தி எடுங்க. சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) மெல்லிசா தூவி, அதிகப்படியைத் தட்டி விடுங்க. சாஸைப் பிடிச்சு வெக்கிறது இந்த மாவுதான். திட்டுத் திட்டா இருந்தா கொழகொழன்னு ஆயிடும்.

1 டேபிள்ஸ்பூன் எண்ணெய், மிதமான தீ. ஒரு பக்கம் 3 நிமிஷம், திருப்பி 2 நிமிஷம். இப்ப தவாவுல மிச்சம் இருக்குற எண்ணெயை டிஷ்யூவால துடைச்சு எடுக்கணும். பலரும் விடுறது இங்கதான். எண்ணெய்ப் படலம் இருந்தா சாஸ் வழுக்கிட்டு ஓடிடும்.

மது இல்லாத சாஸ்: சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், தண்ணி 4 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 4 டீஸ்பூன், தேன் 1 டீஸ்பூன், இஞ்சிச் சாறு அரை டீஸ்பூன். முன்னாடியே கலக்கி வெச்சு, மொத்தமா ஊத்தி, கரண்டியால அள்ளி அள்ளி மீன் மேல விடுங்க. முதல்ல பொடி நுரையா பொங்கும். அது பெரிய, சோம்பலான குமிழா மாறினா அடுப்பை அணைச்சிடுங்க. ஆறும்போது இன்னும் கெட்டியாகும், அதனால தவாவுலயே பாகாகுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. மீறிப் போச்சுன்னா ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணி தெளிச்சா இளகிடும். கசப்பு வந்துட்டா மட்டும் திரும்பாது.

உப்புக்கண்டம்:
மேல சொன்னது சரி. ஒண்ணு சேர்க்கிறேன்: டார்க் சோயா வேண்டாம், லைட் சோயா வாங்குங்க. டார்க்ல நிறம் முதல்லயே கறுப்பா இருக்கும், சாஸ் சுண்டிடுச்சோன்னு ஏமாந்து சீக்கிரம் இறக்கிடுவீங்க. தட்டுல தண்ணியா ஓடினதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

வஞ்சிரத்துல கொழுப்பு கம்மி, ஒரு நிமிஷம் கூடினாலும் வறண்டுடும். பாரை கிடைச்சா அதைப் போடுங்க, மேல சொன்ன ஜப்பான் புரி மீனும் பாரைக் குடும்பம்தான். கொடுவா இன்னும் சுலபம். சங்கராவை இதுக்கு வாங்காதீங்க, மெல்லிசுத் துண்டு திருப்பும்போதே உடையும். மஞ்சத்தூள், மிளகாத்தூள் தடவுற பழக்கத்தையும் இன்னைக்கு ஒருநாள் ஒதுக்கி வைங்க. பொடி அடியில பிடிச்சு சாஸைக் கலங்கலாக்கிடும், அப்புறம் பளபளப்பு எங்க வரும்?

வாரநாள்_சமையல்:
நன்றி ரெண்டு பேருக்கும். சால்மன்னா நேரம் மாறுமா? வெள்ளையா ஏதோ கசியுதே, அது என்ன?

மீன்சட்டி:
அது புரதம், சாப்பிடலாம். தீ அதிகமானா நிறைய வெளிய வரும். சால்மனைத் தோல் பக்கம் முதல்ல போட்டு 4 நிமிஷம், திருப்பி ஒரே நிமிஷம். அந்த வெள்ளையையும் எண்ணெயோட சேர்த்துத் துடைச்சிட்டு சாஸ் ஊத்துங்க. சாஸ் ஊத்தின பிறகு தோல் மொறுமொறுப்பா இருக்காது, அது வேணும்னா தோல் அடியில இருக்க, சதைப் பக்கம் மட்டும் சாஸை அள்ளி விடுங்க.