பாமினியில் அடித்த வேர்ட் ஃபைல் அச்சகத்தில் குழம்புகிறது

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
சங்க மலர், 40 பக்கம். புதுச்சேரி அச்சகத்தில் திறந்தால் ‘அம்மா’ இருக்கிற இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. எந்த ஃபார்மட்டில் கொடுக்கணும்?

பதில் 1:
பாமினி ஒரு பழைய தமிழ் ஃபான்ட்; யூனிகோட் (தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கிற பொது முறை) இல்லைங்க. ஃபைலுக்குள்ள இருப்பது ஆங்கில எழுத்துதான். ஃபான்ட் அதைத் தமிழாகக் காட்டுது. அந்தக் கணினியில் ஃபான்ட் இல்லைன்னா வேஷம் கலைஞ்சிடும். அச்சுக்கு பிடிஎஃப்தான். ‘சேவ் ஆஸ்’ போய் பிடிஎஃப், ஆப்ஷன்ஸில் ‘பிடிஎஃப்/ஏ’ (ஐஎஸ்ஓ 19005) டிக் பண்ணுங்க, ஃபான்ட் உள்ளேயே பதிஞ்சிடும். அக்ரோபேட் ரீடரில் கன்ட்ரோல்+டி அழுத்தி, ஃபான்ட்ஸ் பகுதியில் ‘எம்பெடட்’னு இருக்கான்னு பார்த்துட்டு அனுப்புங்க.

பதில் 2:
ஆனா அந்த பிடிஎஃப்பில் தமிழில் தேடினால் ஒண்ணும் கிடைக்காது. அடுத்த வருஷமும் திருத்தணும்னா யூனிகோடுக்கு மாத்தி டாக்எக்ஸாக (வேர்டின் இப்போதைய ஃபைல் வகை) ஒரு பிரதி வைங்க.

கேட்டவர்:
அச்சகத்தில் படங்களைத் தனியா கேட்கிறாங்களே?

பதில் 2:
டாக்எக்ஸ் ஒரு ஜிப் மூட்டைதான். நகல் எடுத்து, ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கிற டாக்எக்ஸை ஜிப்னு மாத்தித் திறங்க. ‘வேர்ட்’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’வில் படங்கள் இருக்கும். பழைய ‘டாக்’ ஃபைலில் இது நடக்காது.