பன்ட் கவரேஜ் பழக்க வழி சொல்லுங்களேன்
வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் என் மகன் ஆடும் 13 வயதுப் பையன்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் பயிற்சி தருவதில் உதவுகிறேன். மற்றதெல்லாம் ஓரளவு தேறிவிட்டது; பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸ்தான் காலை வாருகிறது. அதிலும் பன்ட் கவரேஜ், அதாவது நாங்கள் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததும் (பன்ட்), அதைப் பிடிப்பவனை ஓடிப்போய் மடக்குவதுதான் பெரிய தலைவலி.

போன சனிக்கிழமை எங்கள் பன்ட்டை எதிரணியினர் பிடித்து, இரண்டு முறை எங்கள் எல்லை வரை ஓடி டச்டவுன் புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். வீடியோவில் பார்த்தால், பந்து காற்றில் இருக்கும்போதே எங்கள் பையன்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நடுவில் குவிகிறார்கள். ஓரம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அவரவர் பாதையை விடாமல் ஓடப் பழக்குவது எப்படி?

லாங் ஸ்னாப்பும் (உதைப்பவனுக்குப் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் எறிவது) சிக்கல்தான். 12 யார்டு பின்னால் நிற்கும் பன்ட்டருக்கு (உதைக்கும் பையனுக்கு) பந்து உருண்டு போகிறது. ஸ்னாப் போடும் பையன் அழுதேவிட்டான், பாவம்.

ஒவ்வொரு பயிற்சியிலும் இதற்கு 15 நிமிடம் ஒதுக்கலாம். ஆடிய அனுபவம் உள்ளவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.