'டாப் சீக்ரெட்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: சில இடங்களில் மாட்டிக்கொண்டேன்

நெல்லைக்காரி கேட்டது:

அப்பாவுக்கு 74 வயது. ஜெய்சங்கரைத் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று கொண்டாடிய காலத்து ஆள். இங்கிலீஷ் பாண்ட் படங்களையும் விடாமல் தியேட்டரில் பார்த்தவர். வசனம் ஒன்றும் புரியாது. "அதுல பேச்சு எதுக்குளா, காரு பறக்குதுல்லா, போதும்" என்பார்.

2025 ஏப்ரலில் வால் கில்மர் இறந்த செய்தி வந்தபோது அவருடைய முதல் படமான 'டாப் சீக்ரெட்' நினைவுக்கு வந்தது. 1984-இல் வந்தது. 'ஏர்ப்ளேன்' எடுத்த அதே மூவர், ஜிம் ஏப்ரகாம்ஸும் ஸக்கர் சகோதரர்கள் இருவரும், உளவுப் படங்களைக் கிண்டலடித்து எடுத்தது. அமெரிக்க ராக் பாடகன் ஒருவன் விழாவில் பாடக் கிழக்கு ஜெர்மனிக்குப் போய், சிறையில் கிடக்கும் விஞ்ஞானியை மீட்கும் வேலையில் சிக்கிக்கொள்கிறான். காலம் பனிப்போர், வில்லன்கள் நாஜிகள் மாதிரி, பாட்டெல்லாம் எல்விஸ் பாணி. எதுவும் எதோடும் ஒட்டாது. ஒட்டாததுதான் படமே.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ரயில் கிளம்பும் காட்சியில் ரயில் நிற்க, ஸ்டேஷன் நகர்ந்து போகுமே, அங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு "திருப்பிப் போடு" என்றார். கேமரா பக்கத்தில் ஒரு டெலிபோன் பெரிதாகத் தெரியும். கோணத்தால் அப்படித் தெரிகிறது என்று நாம் நினைத்திருக்க, அதிகாரி எழுந்து வந்து எடுக்கும்போது நிஜமாகவே ராட்சத போன். அதற்கு இருமல் வரும் வரை சிரித்தார். ஆனால் யாராவது பேச ஆரம்பித்தால் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். நான் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த மூன்று ஜோக் ஓடிவிடுகிறது.

என் பிழைப்பே சப்டைட்டில்தான். கொரியத் தொடர்களை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருவேன். அழுகைக்குச் சப்டைட்டில் எழுதுவது சுலபம். இது அப்படி இல்லை.

முதல் தலைவலி: கதாநாயகி ஹிலாரி, தனக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும் என்கிறாள். மொழியைச் சொல்கிறாள் என்று நினைக்கிறோம். "அதோ உட்கார்ந்திருக்கிறார்" என்று கை காட்டுகிறாள். அங்கே ஒரு குட்டையான ஜெர்மன்காரர் கையசைக்கிறார். ஆங்கிலத்தில் மொழிக்கும் ஆளுக்கும் ஒரே சொல்; 'கொஞ்சம்', 'குட்டி' இரண்டுக்கும் 'லிட்டில்' என்று ஒரே சொல். தமிழில் 'ஜெர்மன்', 'ஜெர்மன்காரர்' என்று பிரித்த உடனே ஜோக் செத்துவிடுகிறது.

அடுத்தது, நாயகனுக்கு உதவும் பிரெஞ்சு எதிர்ப்புப் படை ஆட்களின் பெயர்கள். பெரும்பாலும் பிரெஞ்சுச் சாப்பாட்டுப் பெயர்கள். க்ரொசாந்த், சூஃப்ளே, எஸ்கார்கோ, சாக்லேட் மூஸ், லாட்ரின். இன்னொருவன் பெயர் தேஜாவு, அதாவது 'இது முன்பே நடந்திருக்கிறதே' என்று தோன்றும் உணர்வு. அவன் நாயகனைப் பார்த்ததும் 'நாம் முன்பே சந்தித்திருக்கிறோமா' என்கிறான். அப்பாவுக்கு க்ரொசாந்தும் தெரியாது, எஸ்கார்கோவும் தெரியாது.

அப்புறம் அந்த பின்டோ கார். ராணுவ வண்டி பிரேக் போட்டு வழுக்கி வந்து, கடைசியில் காரின் பின்பக்கத்தை லேசாகத் தொடுகிறது. வெடித்துச் சிதறுகிறது. வசனமே கிடையாது. இதற்கு நான் எங்கே எதை எழுதுவது?

---

பழைய ரீல்:

தங்கச்சி, பின்டோவுக்கு ஒன்றும் எழுதாதீர்கள். ஃபோர்டு பின்டோவைப் பின்னால் இடித்தால் பெட்ரோல் டாங்க் தீப்பிடிக்கும் என்று எழுபதுகளில் அமெரிக்காவில் பெரிய வழக்கு, விவகாரம். 1978-இல் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அன்றைய அமெரிக்கப் பார்வையாளனுக்குக் காரைப் பார்த்த உடனே தெரியும். அப்பாவிடம் படம் போடுவதற்கு முன்னால், காபி குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். இன்றைக்கு எடுத்தால் அங்கே ஒரு மின்சார ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. ஒமர் ஷெரீஃபைக் கவனித்தீர்களா? ஒற்றர் செட்ரிக்காக வருபவர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் பாலைவனத்தில் புள்ளியாகத் தோன்றி ஒட்டகத்தில் நெருங்கி வருவாரே, அதே ஆள்தான் இங்கே காரோடு சேர்த்து நசுக்கப்பட்டு, அந்த இரும்புக் கட்டியோடு தத்தித் தத்தி நடக்கிறார். அந்தப் படத்துக்கு இசையமைத்த மொரிஸ் ஜார்தான் இதற்கும் இசை. இருவரும் விளையாட்டாகச் செய்யவில்லை. நிஜ உளவுப் படத்துக்கு எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே சப்டைட்டிலும் சிரிக்கக் கூடாது. டிவியில் வரும் டப்பிங் படங்களில் "டேய் மண்டகசாயம்" என்று சேர்ப்பார்களே, அந்த வேலை வேண்டாம். 'தகவல் கிடைத்ததா, தோழரே?' என்கிற மாதிரி விறைப்பாகவே எழுதுங்கள்.

---

பாண்டிப் பையன்:

அக்கா, பெயர் விஷயத்தை என்னிடம் விடுங்கள். பிரெஞ்சிலிருந்து வந்து நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் இறங்கிய சாப்பாட்டுப் பெயர்கள் இருக்கின்றன. ஆம்லெட். கட்லெட். சூப். மயோனைஸ். எல்லாமே பிரெஞ்சில் பிறந்து ஆங்கிலம் வழியாக வந்தவை. "இவர் ஆம்லெட். அவர் கட்லெட். அந்த மூலையில் மயோனைஸ்." உங்கள் அப்பாவுக்கும் புரியும், பொய்யும் இல்லை.

லாட்ரினை மாற்றவே வேண்டாம். அது நம் வீட்டுச் சொல்லாகி எத்தனையோ வருஷம் ஆச்சு.

---

மொட்டைமாடி:

கட்லெட் என்றால் அவர் ஏதோ ரயில்வே கேன்டீன் என்று நினைப்பாரே, பிரெஞ்சு என்று எப்படித் தோன்றும்? ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'மொசியே' (பிரெஞ்சில் 'திரு') போடுங்கள். மொசியே கட்லெட். இப்போது மீசை முளைத்துவிட்டது பாருங்கள்.

தேஜாவு அப்படியே இருக்கட்டும். அருள்நிதி நடித்து 2022-இல் அதே பெயரில் தமிழ்ப் படமே வந்துவிட்டது.

ஜெர்மன் ஜோக்குக்கு நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். 'தெரியும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால்தான் சிக்கல். 'பழக்கம்' போடுங்கள். மொழியும் பழக்கமாகும், ஆளும் பழக்கமாவார்.

"எனக்கு ஜெர்மன் கொஞ்சம் பழக்கம்."
"அதோ உட்கார்ந்திருக்கிறார்."

'குட்டி' என்ற பாதி போய்விட்டதே என்று கேட்பீர்கள். அதை அந்த ஆளே காட்டிவிடுகிறார். ஒன்று மட்டும் முக்கியம்: இரண்டு வரியையும் ஒரே கார்டில், அதாவது திரையில் ஒரே நேரத்தில் தோன்றும்படி, போடாதீர்கள். கண் காதை முந்திவிடும். அவள் கையைத் தூக்கிய பிறகுதான் இரண்டாவது வரி வர வேண்டும்.

---

நெல்லைக்காரி:

பழக்கம்! இருபது நாளாக இது எனக்குத் தோன்றவில்லையே. இதற்குச் சம்பளம் வேறு வாங்குகிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நடிகர் பீட்டர் குஷிங் வரும் ஸ்வீடன் புத்தகக் கடைக் காட்சி. எல்லோரும் ஏதோ விசித்திரமாக நடக்கிறார்கள், பேசுவது ஸ்வீடிஷ் மாதிரி இருக்கிறது. அங்கே ஆங்கில சப்டைட்டில் படத்திலேயே பதிந்திருக்கிறது. தமிழைத் தலைகீழாக எழுதி வைக்கலாமா என்று ஒரு கிறுக்கு யோசனை.

---

பழைய ரீல்:

வேண்டாம். அது முழுக்கத் தலைகீழாக நடித்து, ஒரே ஷாட்டில் எடுத்து, பின்னோக்கி ஓட விட்ட காட்சி. அதனால்தான் புத்தகங்கள் கையிலிருந்து பறந்து மேல் அலமாரியில் போய் உட்காருகின்றன, கம்பத்தில் ஆள் மேலே வழுக்குகிறார். ஸ்வீடிஷ் என்று நாம் நம்புவது பின்னோக்கி ஓடும் பேச்சு. படமே தலைகீழ், எழுத்தாவது நேராக நிற்கட்டும். ஆங்கிலம் கீழே பதிந்திருப்பதால் தமிழை மேலே ஏற்றிவிடுங்கள்.

குஷிங் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கும்போது அப்பாவின் முகத்தைப் பாருங்கள்.

---

நெல்லைக்காரி:

ஞாயிற்றுக்கிழமை போட்டேன். முதல் தடவை டிவியில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து வந்தது; லேப்டாப்பில் எழுத்துருவை மாற்றி, அதையே டிவியோடு இணைத்தேன்.

பூதக்கண்ணாடியை எடுத்த பிறகும் அந்தக் கண் அதே பெரிய சைசில் இருந்ததைப் பார்த்து, அப்பா தன் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எனக்கும் இப்படித்தானா?" என்றார்.

ஜெர்மன் ஜோக்குக்கு முதலில் சிரிக்கவில்லை. இரண்டாவது கார்டு அரை நொடி பிந்தி வந்தது, அதற்குள் அந்த மனிதர் கையசைத்து முடித்துவிட்டார். நிறுத்தி, கார்டை முன்னால் இழுத்து, மறுபடி ஓட்டினேன். "நம்ம தாசில்தாரு பழக்கம்னு சொல்லிக்கிட்டுத் திரிவானுவளே, அது மாதிரி" என்றார். அப்புறம் தனியாகச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

படம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டார்: "ஏளா, கடைசில அந்த மொசியே கட்லெட் பொழச்சானா இல்லையா?"