மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் ஏமாற்றுக்காரனா?

கரூரான்: எங்கள் பக்கம் ஜவுளித் தொழில் செய்த ஒருவர் நொடித்துப்போய் கோர்ட்டில் திவால் மனு போட்டுவிட்டார், கடன் கொடுத்த எல்லோருக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான் படுபாவி" என்று டீக்கடையில் திட்டுகிறார்கள். கையில் ஒன்றும் இல்லை என்பதுதானே இதற்கு அர்த்தம், இதில் திட்ட என்ன இருக்கிறது?

பவானிக்காரர்: பணம் கொடுத்தவனைக் கேளுங்க தம்பி. வீட்டை மனைவி பேருக்கும் தோட்டத்தை மச்சான் பேருக்கும் எழுதிவைத்துவிட்டு அப்புறம் மனு போடுகிறவனுக்கு வேறு என்ன பேர்? மனுவே போடாமல் "ஐ.பி. (திவால் மனு) கொடுத்துடுவேன், பாதி வாங்கிக்கிறியா" என்று மிரட்டியே கணக்கை முடிக்கிறவர்களும் உண்டு. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏமாற்று என்றுதான் அர்த்தம்.

பழைய குமாஸ்தா: மிரட்டுகிறவனைத் திட்டுங்க, சரி. ஆனால் நிஜமாக மனு போட்டவன் 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டப்படி சொத்து, கடன் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுக்கணும், திவால் என்று கோர்ட் அறிவித்தால் சொத்து அவன் கையை விட்டுப் போய்விடும். மச்சான் பேருக்கு மாற்றினாலும், மாற்றிய 2 வருஷத்துக்குள் மனு வந்து அவன் திவால் ஆனால், நியாயமான விலைக்கு நல்லெண்ணத்தில் வாங்கினதாக இல்லாவிட்டால் அந்தக் கிரயத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடுகிறவன் கடுதாசி எல்லாம் கொடுக்க மாட்டான் சார்.

பவானிக்காரர்: 2 வருஷத்துக்கு முன்னாலேயே மாற்றிவிட்டால்? 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற பேங்க் திவாலானபோது எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது! முதலாளி ஜெயிலுக்கே போனார்.

பழைய குமாஸ்தா: போனது மோசடிக்காக. திவால் ஆனதற்காக இல்லை.

மாசக்கடைசி: நானே இந்த மாசம் மஞ்சக் கடுதாசி கொடுக்கிற நிலையில்தான் இருக்கேன், ஸ்கூல் பீஸ் கட்டினதில் எல்லாம் காலி :)

கரூரான்: அதுக்குப் பேர் கையைக் கடிக்கிறது, ஒண்ணாம் தேதி சம்பளம் வந்தால் சரியாகிவிடும். இந்த மனுஷர் தறியை விற்று, நகையை விற்று, கடைசியில் கோர்ட்டுக்குப் போனவர். இரண்டும் ஒன்றா?

பவானிக்காரர்: நகையை விற்றாரா, லாக்கரில் வைத்தாரா, யார் பார்த்தது? எனக்கு ஒரு நோட்டீஸ் வந்து கிடக்கிறது, அதனால்தான் பேசுகிறேன்.

பழைய குமாஸ்தா: அப்படியானால் இங்கே எழுதுவதை விட்டுவிட்டு, புரோநோட்டோ கணக்கு நோட்டோ இருப்பதை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்க. கடனை நிரூபித்தால்தான் சொத்து விற்ற பணத்தில் உங்களுக்குப் பங்கு.

பவானிக்காரர்: புரோநோட்டு எங்கே இருக்கு, சொந்தக்காரன் என்று வாய்வார்த்தையில் கொடுத்தது.