குளத்தில் பறவை எண்ணப் போன கதை (உங்களுக்கும் இருந்தால் சொல்லுங்கள்)

அம்பை மருமகள்

கல்யாணமாகி அம்பாசமுத்திரம் வந்து 14 வருஷம் ஆகிறது. எங்கள் மாடியில் நின்றால் குளம் தெரியும். நான் அதைப் பார்ப்பதெல்லாம் துணி காயப்போடும்போதுதான், அதுவும் மேகம் கட்டியிருக்கிறதா என்று. போன ஜனவரியில் மகள் வந்து, மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது, பெயர் கொடுத்துவிட்டேன், துணைக்கு யாராவது வாங்க என்றாள். அவள் அப்பா நைசாக நழுவிவிட்டார். சரி, ஒரு காலை நேரம்தானே என்று நான் கிளம்பினேன்.

முதலில் பயிற்சி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, எண்ணுவதற்கு என்ன பயிற்சி என்று. அப்புறம் ஒரு படத்தைக் காட்டி எத்தனை பறவை என்று கேட்டார்கள். நான் நூறு என்றேன், இருந்தது நானூறுக்கு மேல். ஒவ்வொன்றாக எண்ணவே கூடாதாம். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கும் என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதையே படியாக வைத்து, நெல் அளப்பது மாதிரி அளந்துகொண்டே போக வேண்டும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் இப்படி எண்ணுகிறார்கள். ஏன் ஜனவரி என்றால், வடகிழக்கு மழை முடிந்து குளம் நிறைந்திருக்கும், வடக்கேயிருந்து வலசை வந்தவையும் இன்னும் திரும்பியிருக்காது.

மறுநாள் காலை ஆறரைக்கு எங்களுக்குக் கொடுத்த குளத்தங்கரையில் நின்றோம். நாங்கள் நான்கு பேர், பைனாகுலர் இரண்டு. பனி விலகவில்லை. தூரத்தில் பழுப்பாக ஒரு கூட்டம் மிதந்தது. புள்ளிமூக்கு வாத்து, நிச்சயம் என்று நானே அறிவித்து, படி வைத்து அளந்து 180 என்று படிவத்தில் எழுதச் சொல்லியாயிற்று. மகள்தான் முணுமுணுத்தாள், "அம்மா, அதுக்கு மூக்கு நுனி மஞ்சளா இருக்கணும்லா." நான் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் ஒருவர் கையில் கம்போடு வந்து ஒரு குரல் கொடுத்தார். என் 180 புள்ளிமூக்கு வாத்தும் வரிசையாகக் கரையேறி அவர் பின்னால் நடந்து போயின. வளர்ப்பு வாத்து! படிவத்தில் அந்த அடித்தல் இன்னும் இருக்கும்.

இதையெல்லாம் மடைப் பக்கம் உட்கார்ந்து பல் குச்சியோடு ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"எங்கேர்ந்து வாறீய?"

சொன்னோம்.

"எண்ணி என்ன செய்யப் போறீய?"

குளத்தில் மாற்றம் வருகிறதா என்று வருஷா வருஷம் பார்ப்பதற்கு என்று பயிற்சியில் கேட்டதைச் சொன்னேன். அவர் பைனாகுலரை வாங்கவே இல்லை. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, கோரைக்கு இந்தப் பக்கம் இருப்பது நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம் பாரு தாயி, அதை ஒட்டி முங்கி முங்கி எழுவது முக்குளிப்பான், சகதியில் குத்திக்கொண்டிருப்பது உள்ளான், அந்தப் பக்கம் சிறகி வாத்து என்று அடுக்கினார். கோரைக்குள் நாங்கள் பார்க்கவே பார்க்காத செந்நாரை ஒன்றைக் கழுத்து தெரிகிற இடம் வரைக்கும் சொல்லிக் காட்டினார். புத்தகத்தை வைத்துக்கொண்டு மகள் சரிபார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"தாத்தா, எப்படி இவ்வளவு தெரியும்?" என்று கேட்டாள்.

"எல்லாம் தின்னு பாத்ததுதான்."

கண்ணி வைத்துப் பிடிப்பாராம். உள்ளான் கறிக்கு ஈடே கிடையாதாம், நாமக்கோழி கொஞ்சம் சேறு வாடை அடிக்குமாம். மகள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. இப்போதும் பிடிக்கிறீர்களா என்று பயந்துகொண்டே கேட்டேன். "மூட்டு வலி வந்ததும் விட்டுட்டேன்" என்றார். மனம் மாறிவிட்டது, பறவைகள் பாவம் என்றெல்லாம் சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

ஆனால் அவர் சொன்னது ஒன்று. முன்பெல்லாம் இந்தக் குளத்தில் இறங்கினால் சிறகி கலைந்து பறக்கும்போது பேசுவது காதில் விழாதாம். இப்போது பேசுவது கேட்கிறது என்றார். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது? "குறிப்புகள்" என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் மகள் எழுதிவிட்டாள். தாத்தா பெயர் போடவில்லை, போடாதே என்று சொல்லிவிட்டார்.

சரி, உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நாங்குநேரிப் பையன்

அக்கா, அந்த வாத்துக் கதைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

எங்கள் அத்தை ஊர் கூந்தன்குளம். 1994லேயே சரணாலயம் ஆன இடம், 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், சேர்ந்த அறிவிப்பும் வந்தது. பள்ளியிலிருந்து ஒருமுறை எங்களைக் கூட்டிப்போய், இது கூழைக்கடா, இது மஞ்சள்மூக்கு நாரை, இது இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து என்று விளக்கினார்கள். எனக்குப் பெருமையே தாங்கவில்லை, நம்ம அத்தை ஊராச்சே. ஆனால் சின்ன வயதில் தீபாவளிக்கு அங்கே போவதென்றால் அழுவேன். அந்த ஊரில் வெடி கிடையாது, பறவை பயந்துவிடும். வீட்டுக்கு முன்னால் வேப்பமரம் முழுக்கக் கூடு, கீழே நின்றால் தலையில் எச்சம், இல்லாவிட்டால் குஞ்சுக்குக் கொண்டுவந்த மீன் தவறி விழும். அந்த நாற்றம் இருக்கிறதே, அதை எந்தச் சுற்றுலாப் பலகையிலும் எழுத மாட்டார்கள்.

அத்தையிடம் ஒருநாள் கேட்டேன், எப்படித்தான் சகித்துக்கொள்கிறீர்கள் என்று. "பிள்ளைத்தாச்சிய வீட்டை விட்டு வெரட்டுவாவளால?" என்றாள். அப்புறம் கொஞ்சம் கழித்து, எச்சம் கலந்த தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரச்செலவு குறைவு என்பதையும் சேர்த்துக்கொண்டாள். இரண்டும் நிஜம்தான்.

கரைக்காற்று

நான் சென்னை. எங்களுக்குக் குளம் இல்லை, கடல்தான். முட்டையிட வரும் ஆமையைத் தேடிக் கரையில் நடக்கிற கடலாமை நடை என்று 1988லிருந்து மாணவர்கள் நடத்துகிறார்கள் அல்லவா, அதில் இரண்டு சீசன் போனேன். இரவு நீலாங்கரையில் கிளம்பினால் பெசன்ட் நகர் வரை மணலில் சுமார் 7 கிலோமீட்டர். முதல் மூன்று முறை ஒன்றுமே இல்லை, கால் வலி மட்டும். நாலாம் முறை ஒரு பங்குனி ஆமை ஏறி வந்தது. டார்ச் அடிக்காதே என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். முட்டையிட்டு முடித்துக் குழியை மூடினதும், உடம்பை இப்படியும் அப்படியுமாகத் தூக்கித் தட்டி மணலை இறுக்குகிறது, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஈர மாவைத் தட்டுகிற மாதிரி. முட்டை பிங்பாங் பந்து அளவு, ஆனால் ஓடு மெத்தென்று இருக்கும். நாய் தோண்டிவிடக் கூடாது என்று நூற்றுச் சொச்சம் முட்டையையும் பையில் எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தோம். குஞ்சு வர 45 நாளுக்கு மேல் ஆகும்.

பெரியவர் மாதிரி எங்களுக்கும் ஒருவர் உண்டு. வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர். தடத்தைப் பார்த்ததுமே, ஆமை வந்துவிட்டுத் திரும்பியதா, இன்னும் மேலேயே இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது அவரிடம் போய் நின்றேன். இழுவலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சு விட முடியாது, அவ்வளவுதான் என்றார். அன்று வேறு எதுவும் பேசவில்லை.

அம்பை மருமகள்

கரைக்காற்று, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாங்குநேரித் தம்பி, அத்தைக்கு என் வணக்கம்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டதால் இங்கேயே சொல்கிறேன். 8x42 பைனாகுலர் தாராளம், பெரிதாக வாங்கினால் கை நடுங்கிப் படம் ஆடும். பிளாஸ்கில் டீ, கூடுதலாக இரண்டு டம்ளர். வருகிற ஜனவரிக்கும் அதே குளத்தைத்தான் கேட்டிருக்கிறோம். போன வாரம் சந்தையில் பெரியவரைப் பார்த்துச் சொன்னேன், வருகிறேன் என்றார். என்ன நிற உடுப்பு போட்டால் பறவை மிரளாது என்று மகள் கேட்டாள். எது வேண்டுமானாலும் போட்டுக்கோ தாயி, காக்கி மட்டும் வேண்டாம் என்றார்.

"பறவை இருக்கும். நான் பறந்துருவேன்."