ஷார்ப் ஏறி வந்த மதில்

வேலூர் வாசகர்:

ரிச்சர்ட் ஷார்ப் என்ற கதாநாயகனை நான் முதன்முதலில் சந்தித்தது திருவல்லிக்கேணி நடைபாதையில், முன்னட்டை பாதி கிழிந்துபோன ஒரு பழைய ஆங்கில நாவலில்தான். கடைக்காரர் 40 ரூபாய் சொல்லி 30 ரூபாய்க்குக் கொடுத்தார். நாவலாசிரியரான பெர்னார்ட் கார்ன்வெல்லைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பின்னட்டையில் ஸ்ரீரங்கப்பட்டணம் என்றும் 1799 என்றும் அச்சிட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். வேலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரும் அந்த ஆண்டும் வெறும் பாடப்புத்தகச் செய்தியல்ல. கோட்டைக்குள் காற்று வாங்கப் போனால் திப்பு மகால், ஹைதர் மகால் என்ற கட்டடங்களைக் கடந்துதான் நடக்க வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்துப் பெண்களையும் கொண்டுவந்து வைத்தது எங்கள் ஊரில்தான். 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் இங்கே சிப்பாய்கள் எழுந்தபோது, அரண்மனைக்குள் இருந்தவர்களின் பங்கு என்ன என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒருவன் அந்த நாவலைத் திறந்தால், யார் பக்கம் நின்று படிப்பது என்ற சிக்கல் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. ஷார்ப் இந்தியாவுக்கு வந்திருப்பது திப்புவின் கோட்டையை உடைக்க. ஆர்தர் வெல்லெஸ்லியின் 33ஆம் காலாட்படையில் அவன் கடைநிலைச் சிப்பாய். லண்டன் சந்துகளில் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். ஒரு கொலைக்குப் பிறகு தூக்குக்குத் தப்பிப் பட்டாளத்தில் சேர்ந்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. ஹேக்ஸ்வில் என்னும் சார்ஜென்ட் வேண்டுமென்றே சீண்டி, அவன் கை நீட்டியதும், 2,000 கசையடி என்று தண்டனை வாங்கிக் கொடுக்கிறான். 2,000 அடி என்றால் மரண தண்டனைக்கு வேறு பெயர். ஏறத்தாழ 200 அடி விழுந்த நிலையில் அதை நிறுத்துகிறார்கள். இரக்கத்தால் அல்ல, ஓர் உளவு வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால். முதுகுத் தோல் உரிந்து தொங்க, லாஃபர்ட் என்ற இளம் அதிகாரியோடு, படையிலிருந்து ஓடி வந்தவனைப் போல நடித்துக்கொண்டு அவன் திப்புவின் கோட்டைக்குள் நுழைகிறான். கசையடிப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திப்புவின் மேல் உள்ள பற்று ஒரு பக்கம் இருக்க, மனம் முழுக்க அந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் பக்கம் சாய்ந்துவிட்டது. அடித்தவர்களும் கிழக்கிந்தியக் கும்பினியின் பக்கத்தவர்தான், அடிபட்டவனும் கும்பினிக்காகப் போராட வந்தவன்தான் என்பது எனக்குக் குழப்பமாகவும், கொஞ்சம் வெட்கமாகவும்கூட இருந்தது.

என்னை முழுதாகக் கட்டிப்போட்டது அதற்குப் பின் வரும் சிறைப்பகுதி. திப்புவின் பாதாளச் சிறையில் ஷார்ப் எழுத்துக் கற்றுக்கொள்கிறான். லாஃபர்ட் சொல்லித்தருகிறான்; பாடப்புத்தகம் வேதாகமத்திலிருந்து கிடைத்த ஒற்றைத் தாள். மணலில் ஆனா ஆவன்னா எழுதிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவன் நான் என்பதால், கையில் கிடைத்த ஒரே தாளைத் திரும்பத் திரும்பத் தடவி வாசிக்கும் முப்பது வயதுகூட ஆகாத அந்த முரடன் எனக்கு வெகு அருகில் தெரிந்தான். பின்னாளில் பச்சைச் சட்டையும் பேக்கர் துப்பாக்கியுமாக ஸ்பெயின் முழுக்க அவன் செய்யும் சாகசங்கள் எல்லாம் எனக்கு இந்த ஒரு தாளுக்குப் பிறகுதான். எழுதப்பட்ட வரிசையில் பார்த்தால் கதை தலைகீழ் என்பதைப் பிறகே அறிந்தேன். முதல் நாவல் 1981இல் வந்தபோது ஷார்ப் 1809ஆம் ஆண்டு ஸ்பெயினின் தாலவேரா போர்க்களத்தில் ஏற்கெனவே அதிகாரி. இந்தியா அவனுடைய கடந்த காலத்தில் ஒரு தழும்பு மட்டுமே. அந்தத் தழும்பின் கதையை ஆசிரியர் 1997இல்தான் விரித்து எழுதினார்.

படித்து முடித்த அடுத்த கோடையில் ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். நாவலில் திப்பு ஒரு பொறி வைக்கிறார். மேற்கு மதிலில் உடைப்பு விழப்போகும் இடத்தை முன்னதாகவே கணித்து, வெளிமதிலுக்கும் உள்மதிலுக்கும் நடுவே வெடிமருந்துப் பீப்பாய்களை நிரப்பிவைத்து, தாக்க வருபவர்கள் அங்கே நெருங்கி நிற்கும்போது வெடிக்க வைப்பது திட்டம். ஷார்ப் அதைக் கெடுக்கிறான். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, வெயிலில் மதிலோரமாக ஒன்றரை மணி நேரம் முட்செடிகளுக்குள் அலைந்தேன். ஊர்க்காரப் பெரியவர் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில், ‘மதிலுக்குள் வெடி வைத்த சுரங்கம் எங்கே?’ என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரங்கநாத சுவாமி கோயிலுக்கு வழி சொன்னார். ஊர் திரும்பி, நாவலின் கடைசியில் நான் படிக்காமல் விட்டிருந்த ஆசிரியர் குறிப்பைப் புரட்டிய பிறகுதான் அந்தப் பொறி முழுக்கக் கற்பனை என்று தெரிந்தது. தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்பு, மே 2 அன்று, கோட்டைக்குள் ஒரு மருந்துக் கிடங்கு குண்டு பட்டு வெடித்தது உண்மை. அந்த வெடிப்பிலிருந்து பொறியை அவர் உருவாக்கிக்கொண்டார். வரலாற்று நாவலைப் படிப்பவர்கள் கடைசிக் குறிப்பை முதலில் படித்துவிட்டு ஊர் சுற்றப் போவது கால்களுக்கு நல்லது.

ஆனால் அந்த அலைச்சல் வீணாகவில்லை. பெய்லி சிறை என்று இன்று பெயர் சொல்லும் நிலவறைக்குள் நுழைந்தேன். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே வெள்ளையடித்த வளைவுக் கூரையின்கீழ்ச் சில்லென்று இருந்தது. சுவரிலிருந்து கல்பலகைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. கைதிகளின் கையைச் சங்கிலியில் கோத்துக் கட்டுவதற்காக அவற்றில் துளைகள் போட்டிருக்கிறார்கள். ஒரு துளையில் விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று இருந்தது. என்னைப் போல விரல் விட்டவர்கள் பல்லாயிரம் பேராவது இருப்பார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புள்ளலூரில், திப்புவிடமும் ஹைதரிடமும் தோற்றுப் பிடிபட்ட கர்னல் பெய்லி இந்த ஊரில் கைதியாகவே இறந்தார். அதே போரில் பிடிபட்ட டேவிட் பெயர்ட் 44 மாதம் இங்கே அடைபட்டுக் கிடந்து, வெளியே வந்து, 1799 மே 4 அன்று நண்பகல் வெயில் தணியும் முன்பே காவிரியைக் கடந்து மதில் ஏறிய படையைத் தானே முன்னின்று நடத்தினார். புள்ளலூர் வெற்றியைத் திப்பு தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்கத் தீட்டவைத்திருக்கிறார். பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லியும், மருந்து வண்டி வெடிக்கும் நெருப்பும் அதில் இருக்கின்றன. ஷார்ப்பின் கற்பனைச் சாகசத்தைவிடப் பெயர்டின் உண்மைக் கதை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்தச் சுவருக்கு எதிரே நின்றபோதுதான்.

கடைசியாக, திப்புவின் உடல் கிடைத்த இடம். தண்ணீர் வாயிலுக்கு அருகே கம்பி வேலி சூழ்ந்த ஒரு சிறு கல்மேடை, அவ்வளவுதான். பிணக்குவியலுக்குள் கிடந்த அவரை விளக்கு வெளிச்சத்தில்தான் அடையாளம் கண்டார்கள். அவரைச் சுட்ட சிப்பாய் யார் என்பதை எந்த ஆவணமும் சொல்லவில்லை. மன்னர் என்று தெரியாமலே, இடைக்கச்சையின் அணிகலனுக்கு ஆசைப்பட்டுச் சுட்டவன் என்பதோடு வரலாறு நின்றுவிடுகிறது. கார்ன்வெல் அந்தக் காலி இடத்தில்தான் ஷார்ப்பை நிறுத்துகிறார். நாவலில் திப்புவைச் சுட்டுவிட்டு, நகைகளைக் கழற்றிக்கொண்டு, வெளியே யாரிடமும் மூச்சு விடாமல் இருந்துவிடுகிறான் நம் நாயகன். எங்கள் ஊர் மகால்களில் சிறையிருந்த பிள்ளைகளின் தகப்பனை அவன் கொன்றுவிட்டான் என்று நினைத்தால் புத்தகத்தை மூடி வைக்கத்தான் தோன்றியது. ஆனாலும் மூடவில்லை, தொடரில் இந்தியாவில் நடக்கும் மற்ற இரண்டு நாவல்களையும் தேடி வாங்கினேன். இதற்கு என்னிடம் நியாயம் ஏதும் இல்லை.

ஓய்வுபெற்ற சுபேதார்:

வேலூர் அன்பர் எழுதியதைப் படித்தேன். மதராஸ் ரெஜிமென்ட்டில் 26 ஆண்டு பணியாற்றி, நீலகிரி வெலிங்டனிலிருந்து ஊர் திரும்பியவன் நான். அந்த வெலிங்டன் என்ற பெயரே, ஷார்ப்பின் கர்னலாக இருந்த வெல்லெஸ்லி பின்னாளில் பெற்ற பட்டப்பெயர்தான். எங்கள் தொப்பிச் சின்னத்தில் ஒரு யானை நிற்கிறது. பயிற்சி முடித்த முதல் நாள் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கும்போது, ‘இந்த யானை எந்த ஊர் யானை தெரியுமா தம்பி?’ என்று எங்கள் ஹவில்தார் கேட்டார். அஸ்ஸாயி யானை. 1803 செப்டம்பர் 23 அன்று மராட்டியத்தில், அஸ்ஸாயி கிராமத்தில் வெல்லெஸ்லி வென்ற போருக்காக மதராஸ் பட்டாளங்களுக்குக் கிடைத்த சின்னம் அது. அன்று அவரிடம் இருந்த காலாட்படையில் வெள்ளைக்காரப் பட்டாளங்கள் இரண்டே இரண்டு. மீதி ஐந்தும் மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்கள். இறந்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் என்று அவர் தரப்பில் இழப்பு 1,584.

ஷார்ப்பை நான் முதலில் பார்த்தது தொலைக்காட்சிப் படமாக, ஷான் பீன் நடித்ததில். 1993இல் எடுத்த முதல் படத்தில் அவன் வெல்லெஸ்லியின் உயிரைக் காப்பாற்றி அதிகாரியாவது ஐரோப்பாவில், பிரெஞ்சுக் குதிரைவீரர்களிடமிருந்து. இந்திய நாவல்களில் இரண்டாவதில் அது அஸ்ஸாயியில் நடக்கிறது. கைத்னா ஆற்றைக் கடக்கும்போது வெல்லெஸ்லியின் அருகில் இருந்த ஏவலாளின் தலையைப் பீரங்கிக் குண்டு கொண்டுபோனது உண்மைச் சம்பவம். அந்த ஆளின் இடத்துக்குத்தான் நாவலில் ஷார்ப் வந்து சேர்கிறான். படத்தில் அஸ்ஸாயியை நீக்கிவிட்டதால், அன்று மாண்ட எங்கள் ஆட்களும் சேர்ந்து மறைந்துபோனார்கள் என்பது என் மனக்குறை.

நாவலின் மேல் எனக்குள்ள பெரிய மதிப்பு வேறு ஒன்று. தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துத் துப்பாக்கியில் கொட்டும்போது மருந்து வாயில் ஒட்டும். அதிலுள்ள வெடியுப்பால் நாக்கு வறண்டு, நான்கைந்து முறை சுடுவதற்குள் தாகம் ஆளைக் கொல்லும். நிமிடத்துக்கு மூன்று முறை சுட வேண்டும் என்பது விதி. இந்தத் தாகத்தை எழுதியவர் சிப்பாயின் பக்கம் நின்று எழுதுகிறார் என்று நான் நம்பினேன். அதனால்தான் அடுத்து வருவது எனக்கு உறுத்தியது. தளபதியின் உயிரைக் காத்ததற்காக ஷார்ப்புக்கு அதிகாரிப் பதவி கிடைக்கிறது; 74ஆம் பட்டாளத்தில் என்சைன் என்னும் கடைநிலை அதிகாரி ஆகிறான். கடைநிலையிலிருந்து மேலே வந்தவன் என்று மற்ற அதிகாரிகள் அவனை மதிப்பதில்லை என்பதே மீதி நாவல்களுக்கு எல்லாம் எண்ணெய். நல்ல கதை. ஆனால் அதே களத்தில், அதே காரியத்தை ஒரு மதராஸ் சிப்பாய் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று அவனுக்கு எட்டக்கூடிய உச்சி சுபேதார் பதவி. தலை நரைத்த சுபேதாரும், கப்பலிலிருந்து நேற்று இறங்கிய பதினாறு வயது என்சைனுக்குக் கீழ்தான். நானும் சுபேதாராகவே ஓய்வு பெற்றவன் என்பதால் இதைக் கசப்பில் எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் காலத்தில் எங்கள் ஜவான்கள் தேர்வெழுதி அதிகாரிகள் ஆனதைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு நானே சல்யூட் அடித்திருக்கிறேன்.

திப்புவைச் சுட்டவன் பெயர் இல்லை என்று வேலூர் அன்பர் வருந்துகிறார். அஸ்ஸாயியில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்கும் அப்படித்தான். அந்தக் காலி இடங்களில் வந்து நிற்க இன்னும் எந்தக் கதாநாயகனும் வரவில்லை.

வேலூர் வாசகர்:

ஐயா, வருத்தம் என்று நான் எழுதவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு அப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. மராட்டியரின் கவில்கர் கோட்டையை 1803 டிசம்பரில் பிடிக்கும் மூன்றாவது இந்திய நாவலில், ஸ்காட்லாந்துப் படையின் கேப்டன் காம்ப்பெல் ஏணி வைத்து உட்கோட்டைக்குள் ஏறிய உண்மைச் செயல் ஷார்ப்பின் கணக்கில் போய்விடுகிறது. ஆகவே பெயர் உள்ளவர்களும் அவனிடமிருந்து தப்பவில்லை. அந்த நாவல் உங்களிடம் இல்லாவிட்டால் என் பிரதியை அனுப்புகிறேன். 210ஆம் பக்கத்துக்கு மேல் காபி கொட்டியிருக்கும், படிக்க முடியும்.